கோடு நேராக ஓடினால் வயரைப் பாருங்கள்

கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் சிப்பிக் காளான் குடில் போட்டு நான்கு வருடமாகிறது. சித்திரை வெயிலில் குடிலுக்குள் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மொட்டுகள் காய்ந்துவிடும். அதனால் நான்கு இடங்களில் சென்சார் மாட்டி, அளவுகளை வீட்டுக் கணினியில் பதிவு செய்துதரும்படி திருநெல்வேலியில் ஒரு நிறுவனத்திடம் 38,000 ரூபாய் கொடுத்தேன். இதே வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

விலைப்பட்டியலில் ‘தொழிற்சாலைத் தரம், 0 முதல் 100 சதவீதம் வரை அளக்கும், பிழை 2 சதவீதம், ஆர்எஸ் 485 இணைப்பு’ என்று இருந்தது. (ஆர்எஸ் 485 என்பது நீண்ட வயரில் தரவை அனுப்பும் முறை.) வந்தவர் நான்கு வெள்ளைப் பெட்டிகளை மாட்டினார், திரையில் பச்சைக் கோடுகளை ஓடவிட்டார், பொழுது சாய்வதற்குள் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாவது வாரம் கிழக்கு மூலையில் மொட்டுகள் மஞ்சளித்துச் சுருங்கின. திரையில் 86 சதவீதம். அங்கே தொங்கிய ஈரச் சாக்கைத் தொட்டால் சுட்ட அப்பளமாக மொறுமொறுத்தது. பதிவுக் கோப்பைத் திறந்து நிமிடம் நிமிடமாகப் பார்த்தேன். செவ்வாய் இரவு 2.10க்கு 86. 2.11க்கு 86. வெள்ளி காலை வரை 86. போய்ப் பார்த்தால், பெட்டிக்குப் பின்னால் வயரை எலி கடித்துத் துண்டாக்கியிருந்தது.

பொருத்தியவரிடம் போனில் கேட்டதற்கு, “நடுவில் விட்டுப்போனால் கோடு அசிங்கமாகத் தெரியும் அண்ணாச்சி. அதனால் முந்தைய எண்ணையே திரும்பப் போடும்படி வைத்திருக்கிறோம்” என்றார்.

எலி கடித்ததற்கு நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். வராத அளவை வந்ததாக எழுதிவைத்தார்களே, அது பொய்க்கணக்கு. அந்த எண்ணை நம்பி அந்த மூலைக்குத் தண்ணீர் தெளிக்காமல் விட்டதில் 60 காளான் படுக்கைகள் போயின. ஆலைகளில் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை மின்சாரம் ஓடும் சென்சார்களை வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: மிகக் குறைந்த அளவைக் காட்டும்போதே 4 மில்லி ஆம்பியர் ஓடும், வயர் அறுந்தால் பூஜ்யமாகிவிடும். அறுந்தது உடனே தெரிந்துவிடும்.

பிறகு பெட்டியைப் பிரித்தேன். உள்ளே சிறுவர்களின் பள்ளிச் செய்முறைக்கு வாங்குகிற டிஎச்டி 11 என்ற நீல நிற ஈரப்பத சென்சார். அதன் பிழையே 5 சதவீதம். முழு எண்ணாகத்தான் காட்டும். ஆர்எஸ் 485 இணைப்பும் இல்லை. அதில் இரண்டு கம்பிகளில் 1,200 மீட்டர் வரை தரவை அனுப்பலாம். இவர்களோ 40 மீட்டருக்கு அழைப்புமணி வயரை முறுக்கி ஒட்டியிருந்தார்கள்.

சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. மூடியுள்ள பாட்டிலில் இரண்டு கரண்டி தூள் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பில் படாமல் சென்சாரைத் தொங்கவிட்டு வாயை இறுக அடைத்து இரவு முழுவதும் வையுங்கள். காலையில் 75 சதவீதத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். என்னுடைய நான்கும் 66, 71, 79, 83 என்று காட்டின. பணம் கொடுக்குமுன் பொருத்த வந்தவர் கண்ணெதிரே வயரைப் பிடுங்கியும் பாருங்கள். கோப்பில் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. விலைப்பட்டியல், நீலச் சென்சாரின் படம், வரிசையாக 86 நிற்கிற அந்தக் கோப்பு மூன்றையும் எடுத்துக்கொண்டு அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன்.