டூபாண்ட் குடும்பத்தின் ஐந்து தோட்டங்கள்: வசந்தத்தில் எந்த வாரம் எங்கே போகலாம்?

பிலடெல்பியாவுக்குத் தென்மேற்கே, பென்சில்வேனியாவும் டெலவேரும் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் பிராண்டிவைன் ஆறு ஓடுகிறது. வெடிமருந்தில் சம்பாதித்த டூபாண்ட் குடும்பம் அந்தப் பணத்தில் பெரும்பங்கை இந்த ஆற்றோரத்து மாளிகைகளிலும் தோட்டங்களிலும் கொட்டியது. அவற்றில் ஐந்து இன்று எல்லோருக்கும் திறந்திருக்கின்றன: லாங்வுட், வின்டர்டூர், நெமூர்ஸ், மவுண்ட் கியூபா, ஹாக்லி. ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் காரில் பெரும்பாலும் பத்து முதல் இருபது நிமிடம்தான் ஆகும். தொல்லையே அதுதான். பக்கம் பக்கமாக இருக்கிறதே என்று ஒரே நாளில் மூன்றுக்குத் திட்டம் போட்டுவிட்டு, மூன்றையும் வாசலோடு பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறைய. ஒரு நாளைக்கு இரண்டு போதும். அதில் ஒன்று லாங்வுட் என்றால் மற்றது சிறியதாக இருக்கட்டும்.

நியூ ஜெர்சியிலோ பிலடெல்பியாவிலோ உறவினர் வீட்டுக்கு வருகிறவர்களை நேராக லாங்வுட்டுக்குத்தான் கூட்டிப் போகிறார்கள். தப்பில்லை. ஆனால் மே மாதம் முதல் இரண்டு வாரங்களில் ஒரே ஒரு நாள் கையில் இருந்தால், போக வேண்டிய இடம் லாங்வுட் அல்ல, வின்டர்டூர்.

லாங்வுட்: எந்த வாரமும் ஏமாற்றாது

1798-இல் பியர்ஸ் சகோதரர்கள் இங்கே மரங்களைச் சேகரித்து நடத் தொடங்கினார்கள். 1906-இல் அந்த மரங்கள் அறுவைக்குப் போகவிருந்த நேரத்தில் பியர் டூபாண்ட் நிலத்தை வாங்கினார். 1907-இல் போட்ட மலர்ப்பாதை 600 அடி நீளம். ஏப்ரல் பிற்பாதியில் டூலிப் மலர்கள் அதன் இருபுறமும் நிறம் நிறமாக அணிவகுக்கும். கிழங்குகளை இலையுதிர்காலத்தில் புதிதாக நடுகிறார்கள். பூத்து முடிந்ததும் பிடுங்கிவிட்டுக் கோடைச் செடிகளை வைக்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு வரிசை பிசகாமல் இருப்பது அதனால்தான். வெளியே மழை கொட்டினாலும் 1921-இல் திறந்த பெரிய கண்ணாடி மாளிகை இருக்கிறது. 2024 நவம்பரில் மேற்குப் பக்கத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. முழங்கால் வலியுள்ள பெற்றோரையும் தள்ளுவண்டிக் குழந்தையையும் சேர்த்து அழைத்துப் போக வேண்டுமானால், ஐந்தில் இதுதான் சுலபம்.

ஆனால் லாங்வுட்டில் எல்லாவற்றையும் ஒரே வருகையில் பார்த்துவிட முடியாது. டூலிப் உச்சம் ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டி வரும். 175 அடி வரை பீய்ச்சும் பெரிய நீரூற்றுக் காட்சியோ மே இரண்டாம் வாரத்தை ஒட்டித்தான் தொடங்கும். இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம். நீரூற்றுதான் முக்கியம் என்றால் மே நடுவில் போங்கள். விஸ்டீரியா தோட்டமும் அந்த வாக்கில்தான் பூத்துத் தொங்கும்.

கெடுப்பது இரண்டு. ஒன்று வெயில். பத்து முதல் பதினெட்டு டிகிரிக் குளிரில் இரண்டு வாரம் நிற்கும் டூலிப், 27 டிகிரியைத் தாண்டிய வெயில் தொடர்ந்து அடித்தால் சில நாட்களில் இதழ் விரிந்து உதிர்ந்துவிடும். ஏப்ரலில் அப்படி ஒரு வெயில் அலை இங்கே புதிதல்ல. இன்னொன்று கூட்டம். நுழைவு நேரம் குறித்த சீட்டுதான். பூக்காலத்து வார இறுதிகளில் அது முன்கூட்டியே தீர்ந்துவிடும், வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று போனால் திரும்ப வேண்டியதுதான். அன்னையர் தினமான மே இரண்டாம் ஞாயிறைத் தவிர்ப்பது நல்லது. கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைத் தோட்டத்துக்குள் பிரிக்க முடியாது. வெளியே உணவுக்கென்று தனி இடம் உண்டு, அங்கே சாப்பிட்டுவிட்டு உள்ளே போகலாம். வழியில் கென்னட் ஸ்கொயர் பக்கம் மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் பயப்பட வேண்டாம். அமெரிக்காவின் காளான் தலைநகரம் அது. வாடை காளான் உரத்தினுடையது.

வின்டர்டூர்: வாரம் தெரிந்து போனால் ஈடு இல்லை

லாங்வுட்டில் தோட்டக்காரரின் கை எங்கும் தெரியும். வின்டர்டூரில் அது தெரியக்கூடாது என்பதற்காகவே ஹென்றி பிரான்சிஸ் டூபாண்ட் வாழ்நாளெல்லாம் உழைத்தார். ஆயிரம் ஏக்கரை ஒட்டிய எஸ்டேட்டில் தோட்டம் 60 ஏக்கர். எந்தச் செடி எப்போது பூக்கிறது, பக்கத்துச் செடியோடு அதன் நிறம் ஒத்துப்போகிறதா என்று குறிப்பெழுதி, ஒத்துவராததை இடம் மாற்றினார். அந்த உழைப்பின் பலன், பிப்ரவரி முதல் ஜூன் வரை பூப்பு இடம் விட்டு இடம் நகர்ந்துகொண்டே போகிறது.

மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் மார்ச் பேங்க் என்ற சரிவு முழுக்க நீலமாகும். கியோனோடாக்சா என்ற குட்டிக் கிழங்குப் பூ. ஏப்ரல் முதற்பாதியில் வெளிர்மஞ்சள் வின்டர்ஹேசலும் இளம் ஊதாக் கொரிய ரோடோடென்ட்ரானும் சேர்ந்து பூக்கும் பாதை. பிறகு மாக்னோலியா. இதை மட்டும் நம்பித் தேதி குறிக்காதீர்கள். பின்பனி ஒரே இரவு விழுந்தால் இதழ்கள் பழுப்பாகிக் கருகித் தொங்கும், மறு ஆண்டுதான். மே முதல் இரு வாரங்களில் அசேலியா என்ற பூப்புதர்கள் நிறைந்த அசேலியா வனம், எட்டு ஏக்கர். அமெரிக்கச் செஸ்ட்நட் மரங்கள் கருகல் நோயில் மடிந்தபோது காட்டில் விழுந்த வெற்றிடங்களில்தான் டூபாண்ட் அசேலியாவை நட்டார். 1917-இல் வாங்கிய 17 குருமே வகைச் செடிகளிலிருந்து பெருக்கியது அது. நெட்டை மரங்களின் நிழல் உயரத்தில் இருப்பதால் வெயில் வடிகட்டி விழுகிறது, நிறம் வெளுக்காமல் நிற்கிறது. அதே நாட்களில் குவாரி தோட்டத்தின் ஈரப் பாறைகளுக்கிடையே பிரிமுலாப் பூக்களையும் பார்த்துவிடுங்கள். பலர் அதுவரை இறங்குவதேயில்லை.

அசேலியா வாரத்தில் ஒரு பொறி உண்டு. மே முதல் ஞாயிறன்று எஸ்டேட்டில் பாயின்ட் டு பாயின்ட் குதிரைப் பந்தயம் நடக்கும். தோட்டம் பார்க்க அன்று போகாதீர்கள்.

175 அறை மாளிகை 1951 முதல் அமெரிக்க அலங்காரக் கலைப் பொருட்களின் அருங்காட்சியகம். பழைய மரச்சாமான்களிலும் பீங்கானிலும் ஆர்வம் இல்லாதவர்களுக்கு அது அலுக்கும். அந்த நேரத்தைத் தோட்டத்துக்கே கொடுக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு மாயவனம் என்ற மூன்று ஏக்கர் விளையாட்டுத் தோட்டம் போதும். மேடும் பள்ளமுமான நிலம் என்பதால் நடக்க முடியாதவர்களுக்கு டிராம் வண்டிதான் கதி. புல்வெளிக்குள் இறங்குகிறவர்கள் முழுக்கால்சட்டை அணிந்து, இரவில் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வட்டாரத்தில் லைம் நோய் பரவுவது மான் உண்ணிகளால்தான்.

நெமூர்ஸ்: பூவுக்காக அல்ல

ஆல்பிரட் டூபாண்ட் தன் இரண்டாம் மனைவி அலிசியாவுக்காக 1909–10-இல் கட்டிய மாளிகை. வடிவமைத்தது நியூயார்க் பொது நூலகத்தைக் கட்டிய கட்டடக்கலைக் குழுவான கேரேர் அண்ட் ஹேஸ்டிங்ஸ். பிரெஞ்சு பாணி. மாளிகை வாசலிலிருந்து மரவரிசைகளுக்கு நடுவே ஒரே நேர்கோட்டில் கீழிறங்கும் பாதை, ஓர் ஏக்கர் குளம், தங்கமுலாம் சிலை, அப்பால் தூண் மண்டபம். குளத்தின் 157 நீர்ப்பீச்சிகளை மூடினால்தான் மாளிகையின் நிழல் தண்ணீரில் முழுதாக விழும். அதனால் திறந்தபோது ஒன்று, மூடியபோது ஒன்று என இரண்டு படம் எடுப்பதுதான் சரி. மலர்ப்படுகை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது வெறிச்சென்று தோன்றும். கோடும் சமச்சீரும் பிடித்தவர்களுக்கு இரண்டரை மணிநேரம் போதாது. ஏப்ரலைவிட மே நடுப்பகுதி நல்லது. பாதையோரத்து இளஞ்சிவப்புக் குதிரைச் செஸ்ட்நட் பூப்பது அப்போதுதான். ஆண்டுத் தொடக்க மாதங்களில் மூடிக்கிடக்கும் இடம் இது, ஆகவே திறப்பு தேதியைப் பார்த்த பிறகே மற்றவற்றுக்குச் சீட்டு எடுங்கள்.

மவுண்ட் கியூபா: சின்னது, ஆழமானது

1930-களில் டூபாண்ட் குடும்பத்தைச் சேர்ந்த கோப்லண்ட் தம்பதியர் கட்டிய வீடு. இங்கே வட்டாரத்து இயல்தாவரங்களுக்கே முதலிடம். ஏப்ரல் பிற்பாதியில் டிரில்லியம் என்ற மூவிதழ்ப் பூ காட்டுத் தரையை நிரப்பும். மேலே மரங்கள் தளிர்விட்டு நிழல் மூடுவதற்குள் இவை பூத்து, காய்த்து, சத்தைச் சேர்த்துவைத்துக்கொள்ள வேண்டும். மே நடுவில் போனால் பாதி மறைந்திருக்கும். விதையிலிருந்து பூக்க ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும் செடி என்பதால் பாதையை விட்டு ஓரடிகூட உள்ளே வைக்கக் கூடாது. இரண்டு மணிநேரத்தில் சுற்றிவிடலாம். சொந்த வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் அங்கே நடக்கும் செடி வகைப் பரிசோதனைப் பாத்திகளைத் தவறவிடக் கூடாது. எந்த வகை அந்த மண்ணில் தாக்குப்பிடித்தது, எது தேறவில்லை என்பதை ஒளிக்காமல் வெளியிடுகிறார்கள்.

ஹாக்லியைத் தோட்டத்துக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 1802-இல் எல்யூதேர் இரேனே டூபாண்ட் தொடங்கிய வெடிமருந்து ஆலை இது. பார்க்க வேண்டியது ஆலைகளின் சுவர்கள். மூன்று பக்கம் தடித்த கல், ஆற்றுப் பக்கம் மட்டும் மெலிவு. வெடித்தால் விசை ஆற்றின் பக்கம் போகட்டும் என்ற கணக்கு. ஆலையோடு இருக்கும் டூபாண்ட் வீட்டின் முன்னே சட்டங்களில் படரவிட்ட பழமரங்கள் ஏப்ரலில் பூக்கும். பன்னிரண்டு வயதுப் பையன் பூவைப் பார்த்து அலுத்துவிட்டானானால் அவனுக்கு இது சரியான இடம்.

நாட்களைக் குறிக்கும்போது

திங்களன்று வின்டர்டூரும் நெமூர்ஸும் பொதுவாக மூடியிருக்கும். செவ்வாயன்று லாங்வுட் பெரும்பாலும் விடுமுறை. மவுண்ட் கியூபா புதன் முதல் ஞாயிறு வரை. வியாழன், வெள்ளி இரண்டும் எல்லாவற்றுக்கும் பொருந்தும், கூட்டமும் குறைவு. ஏப்ரல் கடைசி வாரமென்றால் காலையில் மவுண்ட் கியூபா, மதியத்திலிருந்து மாலை வரை லாங்வுட். மே இரண்டாம் வாரமென்றால் காலை ஒளியில் வின்டர்டூர், பிற்பகலில் நெமூர்ஸ். அசேலியா வனத்தை உச்சி வெயிலில் படமெடுத்தால் நிறங்கள் வெளிறி விழும். ஏப்ரல் முதல் வாரத்தில் தேதி உறுதியாகிவிட்டால் வின்டர்டூரின் மார்ச் பேங்க்கும் லாங்வுட்டின் கண்ணாடி மாளிகையும் போதும், நெமூர்ஸைக் கேட்கவே வேண்டாம். மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள் ஏப்ரல் கடைசியில் மாத்திரையோடு வரட்டும், ஓக் மரங்கள் அப்போதுதான் பொடியைக் கொட்டும். வில்மிங்டன் வரை ரயில் இருக்கிறது, ஆனால் அங்கிருந்து தோட்டங்களுக்குச் சொந்தக் காரோ வாடகைக் காரோ இல்லாமல் ஒரு நாளில் இரண்டைப் பார்ப்பது நடக்காத காரியம்.