கிணறு பழகியாச்சு, அடுத்து ஆறா கடலா?

இடுப்பில் சுரைக்குடுக்கையோ காலி பிளாஸ்டிக் கேனோ கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு, கேனைக் கழற்றிய கொஞ்ச நாளிலேயே பெரிய தண்ணீர் மேல் ஆசை வந்துவிடும். எனக்கும் வந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக இறங்கிப் பார்த்ததில் பிடிபட்டது இதுதான்: எந்தத் தண்ணீரானாலும் முதலில் ஏறுகிற இடத்தைப் பார்க்க வேண்டும்.

கிணற்றில் அந்தக் கவலையே கிடையாது. குதித்த இடத்துக்குப் பக்கத்திலேயே படி. மேலே வெதுவெதுப்பு, ஓர் ஆள் ஆழம் முங்கினால் ஐஸ். மற்றபடி தண்ணீர் நம்மை எங்கும் கொண்டுபோகாது.

ஆறு கொண்டுபோகும். நெல்லை குறுக்குத்துறையில் முதன்முதலில் எதிர்க்கரையைக் குறிவைத்து நேராக நீந்தினேன். கரையேறித் திரும்பிப் பார்த்தால் நான் இறங்கிய படித்துறை மேற்கே எங்கேயோ இருக்கிறது. தாமிரபரணியில் இழுவை குறைவாக இருந்த நாளிலேயே இந்தக் கதை. அதனால் ஆற்றில் ஏறும் இடத்தை இறங்கும் இடத்துக்குக் கீழே பார்த்து வைத்துக்கொண்டு, போக்கோடு சாய்ந்து நீந்துவதுதான் சரி. இழுவையையாவது கண்ணால் பார்க்கலாம், கசம் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த எட்டில் முங்கிப்போவது இந்த மாதிரி ஆழமான இடங்களிலும், மணல் அள்ளிய பள்ளங்களிலும்தான். மலையில் மழை பெய்து தண்ணீர் கலங்கி வந்தால், வெயில் அடித்தாலும் மேலேறிவிட வேண்டும்.

கடலுக்கு வந்தால் முதல் ஆச்சரியம் மிதப்பு. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. கிணற்றில் கீழே இழுத்த கால் இங்கே தானாக மேலே வருகிறது. ஆனால் கடல் ஒன்றல்ல. தனுஷ்கோடிப் பக்கம் போனால் சாலைக்கு ஒருபுறம் பெண்கடல், மறுபுறம் ஆண்கடல் என்பார்கள். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு, அலையும் சின்னது. தெற்கே மன்னார் வளைகுடா முரட்டுத்தனமாக அடிக்கும். இந்தப் பெயரை ஆண்டு முழுக்க நம்பக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்று திரும்பிவிடும். பெண்கடல் கொந்தளிக்க, ஆண்கடல் அடங்கிக் கிடக்கும். இரண்டும் சேருகிற அரிச்சல்முனையில் எந்த மாதத்திலும் இறங்காதீர்கள்.

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் அலையே இல்லை, குளம் மாதிரி என்று அலட்சியமாக இறங்கினேன். பத்துக் கை போட்டிருப்பேன், காலில் ஏதோ சுற்றிக்கொண்டது. பாம்பு என்றே நினைத்தேன். உதறிப் பார்த்தால் யாரோ நீராடிவிட்டு விட்டுப்போன புடவை! துறையை விட்டுத் தள்ளி இறங்குங்கள்.

சென்னைக் கடல் வேறு ரகம். அலை உடைகிற இடத்தைத் தாண்டிவிட்டால் உள்ளே நீந்துவதற்கு நன்றாகத்தான் இருக்கும். போகும்போதும் வரும்போதும் அந்த உடைப்பைக் கடப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மெரினாவில் மணல் சட்டென்று சரிந்து ஆழமாகும். கரைக்கு வந்த தண்ணீர் ஏதாவது ஓர் இடைவெளி வழியாகத்தான் திரும்பிப் போகும். அங்கே அலை உடையாது என்பதால் பார்க்க அமைதியாகத் தெரியும்; புதிதாக வருபவர் அதில்தான் போய் இறங்குவார். அந்த இழுப்பு வேகம் பிடித்தால் நொடிக்கு 2 மீட்டரைத் தொடும், ஒலிம்பிக் வீரராலும் எதிர்நீச்சல் போட முடியாது. அது ஆளை அடியில் அமுக்காது, வெளியே தள்ளிக்கொண்டு போகும், அவ்வளவுதான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகி, அப்புறம் அலையோடு வரலாம். பதறுகிறவருக்கு இது ஞாபகம் வராது.

பாக் நீரிணையை லேசாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 1971-ல் மன்னார்ப் பக்கத்திலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திப் போய்த் திரும்ப இலங்கை வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தனுக்கு 51 மணி நேரம் ஆனது. ஆனால் அங்கே குளிர் என்ற எதிரி இல்லை. அதே ஆனந்தன் 1984-ல் குளிர்ந்த ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரிழந்தார்.

என்னைக் கேட்டால் கிணற்றுக்கு அடுத்தது ஆறு அல்ல, பெண்கடல். ஏப்ரல் 15-க்குப் பிறகு, விடிகாலையில். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகளும் 61 நாள் கரையில் நிற்கும். உள்ளூர் மீனவர் ஒருவரின் வள்ளத்தைக் கூட வரச்சொல்லிவிடுங்கள். சொறி (ஜெல்லி மீன்) மிதந்தால் நமக்கு முன்னால் அவர் கண்ணில் படும், ஏற வேண்டுமென்றால் வள்ளமும் பக்கத்திலேயே இருக்கும்.