போஸ்ட்கிரஸ்: கடை சர்வரில் நம்பி ஓட்டலாமா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஐந்தாறு பில்லிங் கவுண்டர், ஒரு குடோன், இரண்டு கிளை என்று நடக்கிற வியாபாரத்துக்குப் போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் தாராளமாகப் போதும். லைசென்ஸ் காசு கிடையாது. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-ல் தொடங்கிய ஆராய்ச்சி, 1996-ல் போஸ்ட்கிரஸ்க்யூஎல் என்று பெயர் மாறி இன்றுவரை வருகிறது. எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லாததால் அடுத்த வருடம் திடீரென்று விலை வைப்பார்களோ என்ற கவலையும் இல்லை. கமிட் ஆன, அதாவது சேமித்தாயிற்று என்று சொன்ன பில்லை இது தொலைத்துவிட்டது என்ற புகாரை நோண்டிப் பார்த்தால், பெரும்பாலும் கோளாறு சுற்றியிருப்பவற்றில்தான் இருக்கும்: டிஸ்க், கரண்ட், காலி இடம், ஒருமுறைகூட ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப். அதனால் இந்த விமர்சனத்தில் பாதி அவற்றைப் பற்றித்தான்.

முதலில் கரண்ட். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் அடிக்கிற மாவட்டம் இது. கரண்ட் சட்டென்று போனாலும் போஸ்ட்கிரஸ் தாங்கும். ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் டபிள்யூஏஎல் என்ற லாகில் எழுதி, டிஸ்கில் இறங்கிவிட்டது என்று உறுதியான பிறகுதான் கமிட் ஆனதாகச் சொல்லும். திரும்ப ஸ்டார்ட் ஆகும்போது அந்த லாகை ஓட்டி விட்ட இடத்துக்கு வந்துவிடும். ஆனால் டிஸ்க் உண்மை சொன்னால்தான் இந்தக் கணக்கு சரிப்படும். எழுதியதைத் தன் கேஷில் வைத்துக்கொண்டே "எழுதியாச்சு" என்று பதில் சொல்லும் மலிவான எஸ்எஸ்டிகள் உண்டு. பவர் லாஸ் புரொடெக்‌ஷன் உள்ள எஸ்எஸ்டி இரண்டு வாங்கி, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் ஏறும்படி மிரர் போடுங்கள். ரேமில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம். யூபிஎஸ் வாங்கும்போது யூஎஸ்பி வழியாகச் சர்வருக்குச் சிக்னல் கொடுத்து, பேட்டரி தீருவதற்கு முன் ஒழுங்காக ஷட்டவுன் செய்யக்கூடியதா என்று கேளுங்கள். சும்மா பத்து நிமிடம் தாங்கும் பெட்டியால் பாதிப் பலன்தான். வேகம் கூடும் என்று யாராவது, டிஸ்கில் இறங்கும்வரை காத்திருக்கச் சொல்லும் எஃப்சிங்க் செட்டிங்கை ஆஃப் செய்யச் சொன்னால் அவரிடம் சர்வர் பாஸ்வேர்டு கொடுக்காதீர்கள்.

டிஸ்கில் டேட்டா கெட்டுப்போனால் காட்டிக்கொடுக்கும் டேட்டா செக்சம் ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 18-ம் பதிப்பில் புதிதாக நிறுவினால் தானாகவே ஆனில் வரும். அதற்கு முந்தையவற்றில் நாமேதான் கேட்க வேண்டும். 12 முதல் உள்ள பிஜி செக்சம்ஸ் கருவியால், சர்வரை நிறுத்திவிட்டுப் பிறகும் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது டிஸ்க் நிரம்புவது. நடைமுறையில் அதிகம் வருகிற கோளாறு இதுதான், காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான். நாகர்கோவிலில் மெயின் சர்வர், குளச்சல் கிளையில் அதன் ரெப்ளிகா, அதாவது நகல் சர்வர் என்று வைத்துக்கொள்வோம். ரோடு வேலையில் கேபிள் அறுபடுகிறது. ரெப்ளிகேஷன் ஸ்லாட் இருந்தால், ரெப்ளிகா திரும்ப வந்து கேட்கும் என்று மெயின் சர்வர் டபிள்யூஏஎல் ஃபைல்களை அழிக்காமல் சேர்த்துக்கொண்டே போகும். ஒவ்வொன்றும் 16 எம்பி. இதற்கு உச்சவரம்பு வைக்கும் மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ் என்ற செட்டிங் 13-ம் பதிப்பிலிருந்து இருக்கிறது, ஆனால் தொடக்கத்தில் வரம்பே இல்லை என்றுதான் வைத்திருக்கிறார்கள். இது எனக்குப் பிடிக்காத முடிவு. டிஸ்க் அளவைப் பார்த்து 20 ஜிபி, 30 ஜிபி என்று போட்டுவிடுங்கள். வரம்பு தாண்டினால் ரெப்ளிகாவைப் புதிதாக எடுக்க வேண்டியிருக்கும். கடை நிற்பதற்கு அது மேல்.

ஸ்லாட் இல்லாமலும் இதே கதை நடக்கும். டபிள்யூஏஎல் ஃபைல்களை வேறிடத்துக்குக் காப்பி எடுக்கும் ஆர்க்கைவ் கமாண்ட் தோற்றுப்போனால் டபிள்யூஏஎல் அப்படியே தேங்கும். பிஜி ஸ்டாட் ஆர்க்கைவர் வியூவில் தோல்வி எண்ணிக்கை ஏறுகிறதா என்று தினமும் ஒரு ஸ்கிரிப்ட் பார்த்து மெசேஜ் அனுப்பட்டும். டிஸ்க் நிரம்பியே விட்டால், டபிள்யூஏஎல் இருக்கும் பிஜி வால் ஃபோல்டருக்குள் போய்ப் பழைய ஃபைல் என்று நினைத்து எதையும் அழிக்கக் கூடாது. இடப் பிரச்சினையாக இருந்தது அந்த நொடியில் டேட்டா இழப்பாக மாறும். முன்கூட்டியே 2 ஜிபி அளவில் ஒரு வெற்று ஃபைல் அதே டிஸ்கில் போட்டு வைத்திருந்தால், அதை அழித்து மூச்சுவிட இடம் கிடைக்கும். பிறகு ஸ்லாட்டா, ஆர்க்கைவா என்று பார்த்துச் சரிசெய்யலாம்.

வேக்யூம் என்ற துப்புரவு வேலை பற்றி எல்லாரும் பயமுறுத்துவார்கள். அவ்வளவு பயம் தேவையில்லை. ஒரு வரியைத் திருத்தினால் பழைய வரி அங்கேயே கிடக்கும். ஆட்டோவேக்யூம் பின்னால் வந்து கூட்டும். டேபிளில் 20 சதவீதமும் 50 வரியும் செத்தபிறகுதான் வரும் என்பது தொடக்கக் கணக்கு. ஒரு கோடி வரியுள்ள பில் டேபிளில் அது 20 லட்சம் செத்த வரி. அந்த டேபிளுக்கு மட்டும் 0.2 என்பதை 0.02 ஆக்கினால் 2 லட்சத்திலேயே வேலை தொடங்கும். இதைவிட வில்லங்கம், திறந்தே கிடக்கும் டிரான்சாக்‌ஷன். கேஷியர் ஒரு பில்லைத் திருத்தத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்; சாஃப்ட்வேர் பிகின் போட்டுவிட்டு அப்படியே காத்திருக்கிறது. அவர் வரும்வரை ஆட்டோவேக்யூம் எத்தனை முறை ஓடினாலும், அதற்குப் பின் செத்த வரிகளை எடுக்க முடியாது. ஐடில் இன் டிரான்சாக்‌ஷன் டைம்அவுட்டை 5 நிமிடத்துக்கு வைத்தால் அந்தத் தொல்லை விட்டது.

மெமரி செட்டிங்கில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ளும் ஷேர்டு பஃபர்ஸ் 128 எம்பி என்று வரும். 16 ஜிபி ரேம் உள்ள தனிச் சர்வரில் 4 ஜிபி வையுங்கள். கனெக்‌ஷன் வரம்பு 100. பத்தவில்லை என்று ஆயிரம் ஆக்காமல், இருப்பதையே பகிர்ந்து கொடுக்கும் பிஜி பவுன்சரை முன்னால் போடுங்கள்.

தமிழில் பெயர் ஏற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. நாகர்கோவில் என்பது நமக்கு ஆறெழுத்து. யூனிகோடில் 11 குறி, யூடிஎஃப்-8-ல் 33 பைட். வேர்கார் 10, அதாவது பத்துக் குறி வரை என்று கட்டம் போட்டால் ஊர்ப் பெயரே ஏறாது. டெக்ஸ்ட் டைப் போடுங்கள். இன்னொன்று: "கோ"-வில் உள்ள குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒரே மாதிரி தெரியும், டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு. கோட்டாறு என்று தேடினால் பாதி வாடிக்கையாளர்கள்தான் வருவார்கள், ஏன் என்று யாருக்கும் புரியாது. 13 முதல் உள்ள நார்மலைஸ் ஃபங்ஷனில் ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிச் சேமித்து, வேறு வடிவம் ஏறாதபடி செக் கட்டுப்பாடும் போட்டால் இது தீரும்.

வரிசைப்படுத்துவதிலும் ஒரு சிக்கல். வரிசை விதிக்குக் கொலேஷன் என்று பெயர். சி கொலேஷனில் யூனிகோடு வரிசைப்படி கன்னியாகுமரி முன்னால், கப்பியறை பின்னால் வரும், ஏனென்றால் அங்கே ன என்பது ப-வுக்கு முன்னால் இருக்கிறது. அகராதி வரிசை வேண்டிய ரிப்போர்ட்டில் மட்டும் தமிழ் ஐசியு கொலேஷனைச் சொல்லிக் கேளுங்கள், சரியாக வரும். ஓஎஸ்ஸின் கொலேஷனை நம்பியிருப்பவர்கள் ஓஎஸ் மாற்றும்போது டெக்ஸ்ட் இண்டெக்ஸ்களை ரீஇண்டெக்ஸ் செய்தே ஆக வேண்டும். லினக்ஸில் வரிசை விதியைத் தரும் ஜிலிப்சியின் 2.28-ம் பதிப்பில் அந்த விதி மாறியது. உபுண்டு 18.04-லிருந்து மேலே போனவர்களில் பலருக்கு இருக்கிற ரெக்கார்டே தேடலில் கிடைக்காமல் போனதும் யூனிக் கட்டத்தில் இரட்டைப் பெயர் ஏறியதும் இதனால்தான்.

பேக்கப். தினம் ஒரு பிஜி டம்ப் (ஒரு டேட்டாபேஸின் காப்பி), வாரம் ஒரு பிஜி பேஸ்பேக்கப் (முழு சர்வர் டேட்டாவின் காப்பி), இடையில் டபிள்யூஏஎல் ஆர்க்கைவ். ஆர்க்கைவ் டைம்அவுட்டை 5 நிமிடம் வைத்தால், லேசான வேலை நாள் முழுக்க நடந்தால் நாளொன்றுக்கு 4.5 ஜிபி வரும். சுருக்கினால் இன்னும் குறையும். பிஜி டம்ப் யூசர்களையும் பாஸ்வேர்டுகளையும் எடுக்காது. அதற்கு பிஜி டம்ப்ஆலை குளோபல்ஸ் மட்டும் என்று தனியாக ஓட்டுங்கள். நேரத்தையும் யோசியுங்கள். இணையத்தில் உள்ள உதாரணம் எல்லாம் ராத்திரி இரண்டு, மூன்று மணி என்றுதான் இருக்கும். தோவாளைப் பூச்சந்தைக்காரர்களுக்கு அந்த நேரத்தை ஒட்டித்தான் வியாபாரம் சூடுபிடிக்கும்; அவர்களுக்கு மத்தியானமே பேக்கப் நேரம்.

ஒரு காப்பி மாவட்டத்துக்கு வெளியே இருக்கட்டும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி அடித்தபோது மாவட்டம் முழுக்கக் கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மார்த்தாண்டம் காப்பியும் நாகர்கோவில் காப்பியும் ஒரே நேரத்தில் இருட்டில் கிடக்கும். மாதம் ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, கடைசி பில் எண் சரியா என்று பாருங்கள். அதே 2017 ஜனவரியில் கிட்லேப் நிறுவனத்தில் டேட்டா ஃபோல்டர் தவறி அழிந்தபோது, 9.6 சர்வருக்கு 9.2 பிஜி டம்ப் ஓடித் தோற்றுக்கொண்டிருந்தது அன்றுதான் தெரியவந்தது.

இன்னொரு டேட்டாபேஸான மரியாடிபியும் மோசமில்லை. வேக்யூம் தலைவலி கிடையாது, வேர்ட்பிரஸ் சைட்டுக்கு அதுவே போதும். ஆனால் டேபிள் அமைப்பை மாற்றும் வேலையைப் பாதியில் திரும்பப் பெற அதில் வழியில்லை. 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி விகிதம் மாறியது போன்ற நாளில், புதுக் கட்டம் சேர்ப்பது, விகிதம் திருத்துவது எல்லாவற்றையும் போஸ்ட்கிரஸில் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்து, தப்பானால் ரோல்பேக் அடிக்கலாம். கணக்கு வழக்கு டேட்டாவுக்கு இதை ஒரு பெரிய வசதியாகவே பார்க்கிறேன். ஒரே கம்ப்யூட்டர் உள்ள கடைக்கு இரண்டும் வேண்டாம், எஸ்க்யூலைட் போதும்.

குறை என்று சொன்னால் பெரிய பதிப்பு மாற்றம். ஒரு பதிப்புக்கு 5 வருடம் ஆதரவு. 13-க்கு 2025 நவம்பரில் முடிந்தது, 14-க்கு 2026 நவம்பர். சிறு திருத்தங்களுக்கு ரீஸ்டார்ட் மட்டும் போதும், தள்ளிப்போடக் காரணமே இல்லை. பெரிய மாற்றத்துக்கு பிஜி அப்கிரேட் ஓட்ட வேண்டும். லிங்க் முறையில் ஓட்டினால் சீக்கிரம் முடியும், ஆனால் புதியதை ஸ்டார்ட் செய்தபின் பழையதுக்குத் திரும்ப முடியாது, முதலில் பேக்கப். 17 வரைக்கும் போகிறவர்கள் முடிந்தவுடன் அனலைஸ் ஓட்டுங்கள். ஓட்டாவிட்டால் புள்ளிவிவரம் இல்லாமல் எல்லாக் கேள்வியும் ஆமையாக நகரும், மறுநாள் காலை கவுண்டரில் வரிசை வாசல் தாண்டும். 18-க்குப் போனால் பெரும்பாலான புள்ளிவிவரத்தை அதுவே எடுத்துக்கொண்டு வருகிறது.