ஹொனலுலுவில் சுஷி: எந்தக் கடையில் சாப்பிடலாம்?

ஹவாயின் ஹொனலுலு துறைமுகத்தில், 38-ஆம் துறையில் விடிவதற்கு முன்பே மீன் ஏலம் தொடங்கிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை. குளிரூட்டிய கூடத்துக்குள், பனிக்கட்டி தூவிய பலகைகளில் பெரிய பெரிய சூரை மீன்கள் வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொரு மீனின் வாலருகேயும் ஆழமாக ஒரு வெட்டு. வாங்க வருபவர்கள் அந்த வெட்டுவாயைக் குனிந்து பார்த்து, சதையின் நிறத்தையும் கொழுப்பையும் கணித்துவிடுவார்கள். மொத்தமாக அல்ல, ஒவ்வொரு மீனாக விலை போகும். 1952-இல் தொடங்கிய ஏலம் இது.

அங்கிருந்து வைகிகிக் கடற்கரை பஸ்ஸில் போகும் தூரம்தான். ஆனால் கடற்கரையை ஒட்டிய விடுதிகளின் சுஷித் தட்டில் என்ன இருக்கிறது? சால்மன், ஹமாச்சி, விலாங்கு, உனி எனப்படும் கடல் முள்ளெலி. சால்மன் குளிர்க்கடல் மீன். ஹமாச்சி பெரும்பாலும் ஜப்பானியப் பண்ணைகளிலிருந்து விமானத்தில் வருகிறது. அவை மோசமான மீன்கள் அல்ல. ஆனால் அவற்றைச் சாப்பிடப் பசிபிக் கடலின் நடுவே இருக்கும் ஒரு தீவுக்கு வர வேண்டியதில்லை; சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருந்துகொண்டே சாப்பிடலாம்.

அம்மா, மனைவி, ஒன்பது வயது மகள், நான் என நான்கு பேர் ஹொனலுலு இருக்கும் ஓவாஹு தீவில் ஆறு நாள் இருந்தோம். அந்த ஆறு நாளில் ஐந்து வகையான இடங்களில் சாப்பிட்டுப் பார்த்தேன். விடுதி உணவகம், சுழல்பட்டைச் சுஷிக் கடை, பேரங்காடியில் போக்கே என்ற பச்சை மீன் கலவை விற்கும் மேடை, ஒகாசுயா என்ற பழைய பொட்டலக் கடை, சமையற்காரரின் எதிரே உட்கார்ந்து அவர் தருவதைச் சாப்பிடும் ஒமகாசே. எல்லாவற்றுக்கும் நான் வைத்த அளவுகோல் ஒன்றுதான். இந்தத் தீவில் இறங்கிய மீன், இந்தத் தீவுக்காரர்கள் சாப்பிடும் விதத்தில் கிடைக்கிறதா?

விடுதி உணவகத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கடலைப் பார்த்த மேசை, நல்ல உபசரிப்பு, எல்லாம் சரி. சோறுதான் காலை வாரிவிட்டது. சுஷிச் சோறு உள்ளங்கைச் சூட்டில் இருக்க வேண்டும். வாயில் வைத்ததும் பருக்கை பருக்கையாக உதிர வேண்டும். எங்களுக்கு வந்தது குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த சோறு. கெட்டிப்பட்டு, உருண்டையாகவே நின்றது. அதன்மேல் காரமான மயோனைஸ், இனிப்புக் குழம்பு, பொரித்த துணுக்குகள். உள்ளே என்ன மீன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னால் யாராலும் முடியாது. எங்கள் பயணத்தின் இரண்டாவது பெரிய சாப்பாட்டுச் செலவு அந்த இரவுதான். வரி 4.7 சதவீதம், அதற்குமேல் 18 முதல் 20 சதவீதம் வரை அன்பளிப்பு. அதே பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்திருந்தால் நல்ல ஒமகாசே மேடையில் ஒருவர் உட்கார்ந்திருக்கலாம்.

சுழல்பட்டைக் கடை வேறு கதை. 1958-இல் ஒசாகா பக்கத்தில் ஷிராய்ஷி யோஷியாக்கி என்பவர் பீர் ஆலையின் நகரும் பட்டையைப் பார்த்து அமைத்த முறை இது. தட்டின் விலை கண்முன்னே தெரிகிறது. பிள்ளைகள் தாங்களே எடுத்துச் சாப்பிடலாம். முட்டைச் சுஷி, வெள்ளரிச் சுருள், சோளச் சுஷி என்று என் மகள் அடுக்கிய தட்டுகளைப் பார்த்து அம்மாவே சிரித்துவிட்டார். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு, விடுதி உணவகத்தைவிட இதுவே மேல் என்று தயங்காமல் சொல்வேன். விலை பாதிகூட இல்லை. ஆனால் என் அளவுகோலில் இதுவும் தேறவில்லை. ஜப்பானிலும் ஹாங்காங்கிலும் சுற்றும் அதே தட்டுகள்தான் இங்கேயும் சுற்றுகின்றன.

தீவின் மீனை உண்மையாகவே நான் கண்டது பேரங்காடியில். ஃபுட்லாண்ட் என்பது ஹவாயின் உள்ளூர் அங்காடி. பால், ரொட்டி வாங்கப் போகும் கடை. அதன் பின்பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு தட்டுகளில் போக்கே. ஹவாய் மொழியில் போக்கே என்றால் குறுக்கே துண்டு போடுவது. மீனைச் சதுரம் சதுரமாக நறுக்கி உப்பு, லிமு என்ற கடற்பாசி, வறுத்து இடித்த குக்குயிக் கொட்டை சேர்த்துப் பிசைவது ஹவாய்ப் பழங்குடிகளின் பக்குவம். அந்தக் கொட்டைப் பொடிக்கு இனமோனா என்று பெயர். நல்லெண்ணெயும் சோயாவும் பின்னால் வந்த ஆசியர்கள் சேர்த்தவை.

மேடைக்குப் பின்னால் நின்ற அம்மையாரிடம், எது நல்லது என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஒரு சிறிய பிளாஸ்டிக் கரண்டியில் ஒரு துண்டு எடுத்து நீட்டினார். பிறகு இன்னொன்று. முதலாவது வழுவழுப்பாக, ஒரே சீரான இளஞ்சிவப்பில் இருந்தது. பல்லில் பட்டதும் நீர் விட்டது. இரண்டாவது ஆழ்ந்த சிவப்பு. ஓரத்தில் நிறம் சற்று மங்கியிருந்தாலும் சதை பல்லுக்கு இசைந்து, கடைசியில் லேசான நெய்ப்பதம் நாக்கில் தங்கியது. அப்புறம்தான் சீட்டுகளைக் காட்டினார். முதலாவதில் 'முன்பு உறையவைக்கப்பட்டது' என்றும் மற்றதில் 'புதியது' என்றும் எழுதியிருந்தது. பக்கத்துப் பக்கத்துத் தட்டுகள்; பவுண்டுக்குச் சில டாலர் வித்தியாசம். உறைந்த சூரையில் பலவற்றுக்குக் கார்பன் மோனாக்சைடு கலந்த புகை கொடுத்து நிறத்தை நிறுத்திவைப்பார்கள். அந்தச் சிவப்பு மீன் பழசான பின்பும் மாறாது. ஆகவே பளிச்சென்ற ஒரே சீரான ரோஜா நிறத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். சீட்டைப் படியுங்கள், கரண்டியைக் கேட்டு வாங்குங்கள். தயங்கவே வேண்டாம், ருசி பார்ப்பது அங்கே வழக்கம்.

சூடான சோற்றின்மேல் அந்த இரண்டாவது போக்கேயைப் போட்டு வாங்கிக்கொண்டு கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து சாப்பிட்டோம். 15 டாலர் வாக்கில் ஆனது. சுஷியின் இலக்கணத்துக்குள் போக்கே அடங்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் விடுதியில் அலங்காரத்துக்கு நடுவே தேடியும் கிடைக்காத மீன் ருசி, இந்த அட்டைக் கிண்ணத்தில் முழுதாகக் கிடைத்தது. வைகிகியின் ஓரத்திலேயே, கபஹுலு சாலையில் ஓனோ சீஃபுட் என்ற சின்னக் கடை இருக்கிறது. கேட்ட பிறகுதான் பிசைந்து தருவார்கள். பேரங்காடியில் வகை அதிகம், இங்கே பக்குவம் அதிகம். ஒரு வேளைதான் கிடைக்கும் என்றால் கபஹுலுவுக்குப் போவேன்.

'புதியது' என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஹொனலுலுவின் நெடுந்தூண்டில் படகுகள் இரண்டு மூன்று வாரம் கடலில் இருந்துவிட்டுத் திரும்புகின்றன. மீனை உறையவைப்பதில்லை, பனிக்கட்டியில் புதைத்து வருகிறார்கள். 'இன்று காலை பிடித்தது' என்று யாராவது சூரையைப் பற்றிச் சொன்னால் நம்பிவிடாதீர்கள். 'இன்று காலை ஏலத்தில் எடுத்தது' என்பதுதான் சரியான பெருமை. உறைந்த மீனை இழிவாக நினைப்பதும் தவறு. பச்சையாகப் பரிமாறும் பல மீன்களை, ஒட்டுண்ணிகளைக் கொல்ல, உறையவைத்தே ஆக வேண்டும் என்பது அமெரிக்க உணவு விதி. பெரிய சூரை இனங்களுக்கு அதில் விலக்கு உண்டு. அதனால்தான் இந்தத் தீவில் சூரையை உறையாமலே சாப்பிட முடிகிறது.

இங்கே அஹி என்பது ஒரு மீன் அல்ல, இரண்டு. மஞ்சள் துடுப்புச் சூரையும் பெருங்கண் சூரையும் அதே பெயரில்தான் விற்கப்படுகின்றன. பெருங்கண் சூரை பகலில் ஆழத்துக் குளிர்நீரில் இரை தேடும், கொழுப்பு கூடுதல். குளிர்காலத்தில் அதன் வரத்து அதிகம், கோடையில் மஞ்சள் துடுப்பு அதிகம். ஜனவரியில் போகிறவர் சுஷியாகவே கேட்கலாம். ஜூலையில் போகிறவருக்குப் போக்கேதான் பொருந்தும். கொழுப்பு குறைந்த மீனுக்கு நல்லெண்ணெய் துணை வேண்டும். வரிச்சூரையை அங்கே அகு என்கிறார்கள். நம் மாசிக் கருவாடு ஆகும் அதே மீன். அதன் பச்சைச் சதையில் இரும்பு வாடை தூக்கலாக இருக்கும். எனக்குப் பிடித்தது, என் மனைவிக்குப் பிடிக்கவில்லை.

இனி ஒகாசுயா. 1885 முதல் ஜப்பானியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்குப் பெருந்தொகையாக வந்தார்கள். நம்மவர்கள் மலாயாவுக்கும் இலங்கைக்கும் போன அதே நூற்றாண்டு, அதே மாதிரி வேலை. ஒகாசு என்பதற்கு நம்மிடம் அப்படியே ஒரு சொல் உண்டு, வெஞ்சனம். யா என்றால் கடை. வேலைக்குப் போகிறவர்கள் காலையில் கட்டிக்கொண்டு போகும் வெஞ்சனக் கடைதான் ஒகாசுயா. மோயிலீலிப் பகுதியில் ஃபுக்குயா 1939 முதல் நடக்கிறது. நாங்கள் காலையிலேயே போய் வரிசையில் நின்றோம். கண்ணாடிக்குப் பின்னால் வறுத்த நூடுல்ஸ், காய்கறி டெம்புரா, கோழி, அவித்த கிழங்கு. கையைக் காட்டினால் ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைக்கிறார்கள்.

அங்கே சுஷி என்றால் பச்சை மீன் இல்லை. இனிப்புத் தூக்கலான காடிச் சோற்றைப் பொரித்த டோஃபுப் பைக்குள் அடைத்து முக்கோணமாக வைத்திருப்பார்கள். ஜப்பானில் இனாரி, ஹவாயில் கூம்புச் சுஷி. அம்மா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதில் மீன் கலந்திருக்கிறதா என்று கேட்டுச் சொல்லப்பா" என்றார். கேட்டது நல்லதாயிற்று. டோஃபுப் பையை வேகவைக்கும் தாஷி என்ற சாறில் உலர்ந்த சூரைச் சீவல் சேர்வதுண்டு. மீன் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும். முழுச் சைவம் உண்பவர்கள் 'மீன் இல்லையே?' என்று கேட்டால் போதாது, 'தாஷி உண்டா?' என்று கேட்க வேண்டும். அம்மா கடைசியில் வெள்ளரிச் சுருளும் பழமும் சாப்பிட்டார். எங்கள் மூவருக்கும் அந்தக் கூம்பு வாய்த்தது. ஈரமான டோஃபுத் தோல், உள்ளே கேரட் துணுக்குகள், புளிப்பைவிட ஒரு படி முந்தும் இனிப்பு. ஆறிய பின்பும் கெடாத ருசி. வயலுக்குக் கட்டிக்கொண்டு போகவென்றே பிறந்த பண்டம். மலிவு என்று பார்த்தால் ஐந்து கடைகளிலும் இதுவே முதல். ஆனால் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். நேரம் தவறினால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

ஒமகாசேக்கு நான் மட்டும் போனேன். ஹொனலுலுவில் 100 டாலரில் தொடங்கி 300-ஐத் தாண்டும் மேடைகளும் இருக்கின்றன. நான் போனது கிங் தெருப் பக்கம், பத்து இருக்கைகூட இல்லாத கடை. முன்பதிவு செய்யும்போதே, வெளியூர் மீன் குறைவாகவும் உள்ளூர் மீன் அதிகமாகவும் வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தேன். இதைச் சொல்லாவிட்டால் விருந்தினர் எதிர்பார்ப்பது தோக்கியோ மீன்தான் என்று எடுத்துக்கொள்வார்கள்.

முதலில் ஓனாகா. ஆழ்கடலின் சிவப்பு நிற மீன். தோலோடு பலகையில் வைத்து, மேலே துணி போர்த்தி, கொதிநீரை ஊற்றினார். தோல் சுருங்கி நெளிந்தது. உடனே பனிநீரில் முக்கி எடுத்து வெட்டினார். தோலில் மெல்லிய வேக்காடு, அடியில் கண்ணாடி மாதிரிப் பச்சைச் சதை. அடுத்து ஓபாகாபாகா, கொம்பு என்ற கடற்பாசியின் இரண்டு ஏடுகளுக்கு நடுவே சில மணி நேரம் வைத்தது. கொழுப்பில்லாத வெள்ளை மீன் அப்படியே வெட்டினால் சப்பென்று இருக்கும். பாசி அதன் நீரை இழுத்துக்கொண்டு தன் சுவையைக் கொடுக்கிறது. இந்தக் கைவேலைக்குத்தான் ஒமகாசேயில் பணம். பேரங்காடி மேடையில் மீன் பேசும். இங்கே மீனோடு கையும் பேசும். பணம் வலித்ததா என்றால் வலித்தது. ஆனால் விடுதி இரவைப் போல வீணானதாகத் தோன்றவில்லை.

கோனா கடலில் கூண்டு கட்டி வளர்க்கும் கம்பாச்சியும் அன்று வந்தது. அதன் காட்டு உறவான கஹாலாவைத் தீவுக்காரர்கள் அஞ்சி ஒதுக்குவார்கள். பவளப்பாறை உணவுச் சங்கிலியில் சேரும் சிகுவடெரா நச்சு அதில் இருக்கலாம். சமைத்தாலும் போகாத நச்சு அது. தீவனம் தின்று வளரும் பண்ணை மீனுக்கு அந்தப் பயம் இல்லை. இன்னொன்று வெயில். சூரை சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் ஊறும். வாயில் மிளகு போலச் சுருக்கென்று உறைத்தால் துப்பிவிடுங்கள். போக்கேயை வாங்கிக் காரில் வைத்துவிட்டு மலையேறப் போவது வேண்டவே வேண்டாம்.

இரண்டு நாள் மட்டும் இருப்பவருக்கு என் யோசனை, ஒரு காலை ஒகாசுயா, ஒரு மதியம் போக்கே. மூன்றாவது இரவு இருந்தால் ஒமகாசே. பிள்ளைகள் கூட இருந்தால் அதற்குப் பதில் சுழல்பட்டை. டிசம்பர் கடைசி வாரத்தில் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. புத்தாண்டுக்கு வீட்டுக்கு வீடு அஹி வாங்குவது அந்தத் தீவின் வழக்கம். விலை எகிறிவிடும், மீன் மேடையில் வரிசை நீளும். அந்த வாரம் 'புதியது' என்ற சீட்டுள்ள தட்டு வேண்டும் என்றால், கடை திறக்கும் நேரத்திலேயே போய் நின்றுவிடுங்கள்.