மாடிக்கு இன்டர்நெட்: பழைய டிவி கேபிள் போதுமா, புது லேன் ஒயர் இழுக்கணுமா?

கீழே ஃபைபர் மோடம், மாடியில் வைஃபை கிடையாது. மதுரையில் மாடி வீடு கட்டியவர்கள் பலரும் சொல்லும் குறை இது. கே.கே.நகர் கான்கிரீட் தளமானாலும் சரி, மாசி வீதிப் பழைய வீடுகளின் தடித்த சுவரானாலும் சரி, 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை சிக்னல் தாண்டுவதற்குள் தளர்ந்துவிடும். அப்போதுதான் சுவருக்குள் சும்மா கிடக்கும் டிவி கேபிள் நினைவுக்கு வரும்.

அதில் இன்டர்நெட் போகும். டிவி கேபிள் வழியாக இன்டர்நெட்டைக் கடத்தும் மோகா (MoCA) அடாப்டர் என்ற சிறு பெட்டியைக் கேபிளின் இரு முனையிலும் ஒவ்வொன்று மாட்ட வேண்டும், அவ்வளவுதான். மோகா 2.5 வகை நொடிக்கு 2.5 ஜிகாபிட் வரை தாங்கும்; தாமதமும் சில மில்லிசெகண்டுதான். ஆனால் வாங்குவதற்கு முன் அந்தக் கேபிளில் இப்போது என்ன ஓடுகிறது என்று பாருங்கள். மோகா வழக்கமாக ஓடுவது 1125 முதல் 1675 மெகாஹெர்ட்ஸ் வரை. தெருக் கேபிள்காரர் தரும் சேனல்கள் இதற்குக் கீழேயே முடிந்துவிடுவதால் ஒரே ஒயரில் இரண்டும் ஒத்துப்போகும். மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து இறங்கும் ஒயர் கதை வேறு. அதில் 950 முதல் 2150 வரை சிக்னல் நிரம்பியிருக்கும். போதாக்குறைக்கு செட் டாப் பாக்ஸ் டிஷ்ஷுக்கு 13 அல்லது 18 வோல்ட் கரன்ட்டையும் அதே ஒயரில் அனுப்புகிறது. அதோடு மோகாவைச் சேர்த்தால் டிவியும் போகும், அடாப்டரும் போகலாம். டிடிஎச் வீட்டில் தனியாக ஒரு கேபிள் இருந்தால் மட்டும் இதை யோசியுங்கள்.

அடாப்டரில் கோஆக்ஸ் விளக்கு, அதாவது டிவி கேபிள் இணைப்பைக் காட்டும் விளக்கு, எரியவில்லையா? முதலில் இரண்டு அடாப்டரையும் மேஜையில் வைத்து ஒரு முழ நீள டிவி கேபிளால் இணையுங்கள். எரிந்தால் குற்றம் சுவருக்குள். பெரும்பாலும் குற்றவாளி, ஒரு கேபிளை இரண்டு மூன்றாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர். கேபிள்காரர் போட்டுவிட்டுப் போனதில் 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கும். மோகாவுக்கு அது பாதி மூடிய கதவு. கழற்றிவிட்டு இரு கேபிளையும் நேராக ஜாயின்ட் போட்டுப் பாருங்கள். நடுவில் பூஸ்டர் இருந்தால் அதையும் கழற்ற வேண்டும். அடுத்தது கேபிள் முனையில் உள்ள பின். வெளிப்பின்னலின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலே போச்சு. இரு முனையும் கழற்றிய நிலையில் மல்டிமீட்டரை நடுக்கம்பியிலும் பின்னலிலும் வைத்தால் பீப் வரக்கூடாது. மறுமுனையில் இரண்டையும் ஒட்டவைத்தால் வர வேண்டும். தெருக் கேபிளோடு இணைப்பு இருந்தால் ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மோகா சிக்னலை வெளியே போகவிடாமல் தடுக்கும் ஃபில்டர் ஒன்றும், அடாப்டரில் பாஸ்வேர்டும் கட்டாயம். இல்லாவிட்டால் உங்கள் நெட்வொர்க் பக்கத்து வீட்டுக்கும் போய்ச் சேரலாம்.

லேன் ஒயர் இதைவிட நேரான வழி. கேட்6 (Cat6) என்ற வகை லேன் ஒயர் 100 மீட்டருக்குள் ஜிகாபிட் தாராளமாகத் தரும். மோகா அடாப்டரை டவுன்ஹால் ரோட்டில் கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். கேட்6 கேட்டால் சுருளோடு எடுத்து வைப்பார். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது வேண்டாம், முழுச் செம்புதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். வேகம் 95 மெகாபிட்டிலேயே நின்றால், நான்கு ஜோடியில் ஒன்று விட்டுப்போயிருக்க வாய்ப்பு அதிகம். முனையைத் திரும்ப கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள்.

என் கணக்கில், சுவருக்குள் போன குழாயில் பழைய டிவி கேபிள் இலகுவாக அசைந்தால் மோகாவே தேவையில்லை. அதன் முனையில் கேட்6ஐ இறுகக் கட்டி மறுபக்கமிருந்து இழுங்கள். பழைய கேபிள் வெளியே வரும்போது புதியது உள்ளே போயிருக்கும். குழாய் இல்லாமல் சிமென்ட்டோடு பூசப்பட்ட கேபிள் என்றால்தான் மோகாவுக்குக் காசு போடலாம். அப்போதும் கரன்ட் போனால் இரண்டு அடாப்டருக்கும் இன்வெர்ட்டர் லைன் வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

வீட்டுக் கரன்ட் ஒயரிலேயே இன்டர்நெட்டை அனுப்பும் பவர்லைன் அடாப்டரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பெட்டியில் 1000 மெகாபிட் என்று போட்டிருப்பது வீட்டில் அதில் ஒரு சிறு பங்காகத்தான் வரும். மாடியை வாடகைக்கு விடுவதற்காகத் தனி ஈபி மீட்டர் வைத்திருந்தால் அதுவும் வராமல் போகலாம்.

இரண்டு மூன்று பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் மெஷ் வைஃபை, வாடகைக்கு இருப்பவருக்குச் சரி. ஆணி அடிக்க வேண்டாம், ஓனரிடம் பேச வேண்டாம். மாடிப் படிக்கட்டுத் திறப்பின் அருகே ஒன்றை வைத்தால் ஓரளவு ஓடும். வீடியோ மீட்டிங் நாள் முழுக்க இருப்பவர் இரண்டு மெஷ் பெட்டியையும் ஒயரால் இணைப்பது நல்லது. அந்த ஒயர் கேட்6ஆகவும் இருக்கலாம், மோகாவாகவும் இருக்கலாம்.

காம்பவுண்டுக்குள் பின்னால் தனிக் கட்டடம் இருக்கிறது, அங்கேயும் வேண்டும் என்றால் மேற்சொன்ன எதுவும் வேண்டாம். ஐப்பசி இடிமழையில் வெளியே தொங்கும் செம்பு ஒயர் இரு பக்கச் சாதனங்களையும் சேர்த்துக் கொன்றுவிடலாம். லேன் ஒயரை ஃபைபரோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் இரண்டு வாங்கி, நடுவே உலோகக் கம்பி இல்லாத ஃபைபரைப் போட்டுவிடுங்கள்.