ஃபைல்சிஸ்டம் சேர்வர்: தோட்டக் கணக்குக் கோப்புகளை ஏஜென்டிடம் கொடுக்கலாமா?

தேயிலைக் கொழுந்து நிறை, பேர் பதிவு (‘பேர்’ என்றால் ஒருவரின் ஒரு நாள் சம்பளத்துக்குரிய வேலை), சம்பளப் பட்டியல் என்று அட்டன், தலவாக்கலைப் பக்கத் தோட்ட அலுவலகக் கணினிகளில் சேர்ந்து கிடக்கும் கோப்புகளை ஏஐ ஏஜென்ட் ஒன்றுக்கு, அதாவது சொன்ன வேலையைத் தானே படிப்படியாகச் செய்யும் ஏஐக்கு, திறந்துவிட நினைப்பவர்களுக்கு முதலில் கிடைப்பது ஃபைல்சிஸ்டம் என்ற இந்தச் சேர்வர்தான். கோப்புகளை ஏஜென்டுக்கு எடுத்துக் கொடுக்கும் சிறு நிரல் இது. ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட மொடல் கொன்டெக்ஸ்ட் புரொட்டோகோலுக்கு (ஏஐயை வெளிக் கருவிகளோடு இணைக்கும் பொது விதிமுறை) மாதிரியாக வந்தவற்றில் இதுவும் ஒன்று. காசு இல்லை. கணினியில் நோட் ஜேஎஸ் என்ற இலவச மென்பொருள் இருந்தால் ஒரே கட்டளையில் ஓடும். கட்டளையின் கடைசியில் கொடுக்கும் கோப்புறைக்கு வெளியே கை வைக்காதபடி கட்டப்பட்டது.

ஏஜென்ட் இதன் நிரலை வாசிப்பதில்லை. ஒவ்வொரு டூலுக்கும் (ஏஜென்ட் கூப்பிடக்கூடிய ஒவ்வொரு செயலுக்கும்) உள்ள பெயர், விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல் இவைதான் அதன் கண்ணில் படும். ஆகவே இந்தச் சேர்வரை எடைபோடுவது என்றால் பெரும்பாலும் அந்த விளக்கங்களை எடைபோடுவதுதான்.

‘ரைட் ஃபைல்’ விளக்கம் நன்றாக இருக்கிறது. ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் எச்சரிக்கை இல்லாமல் எழுதிவிடும், கவனமாகப் பயன்படுத்து என்று நேரடியாகச் சொல்கிறது. ‘மூவ் ஃபைல்’ போய்ச் சேரும் இடத்தில் அதே பெயரில் கோப்பு இருந்தால் தோற்றுவிடும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. கோப்பை அழிக்கும் டூல் இதில் இல்லவே இல்லை. சம்பளக் கோப்புகள் இருக்கும் இடத்தில் இது பெரிய நிம்மதி.

‘எடிட் ஃபைல்’தான் கவலை தருகிறது. மாற்றத்தை எழுதாமல் முன்கூட்டிக் காட்டும் ‘ட்ரை ரன்’ அதில் உண்டு. ஆனால் சொல்லாவிட்டால் அது இயங்காது, மாற்றம் நேரே கோப்பில் விழும். முதலில் ட்ரை ரன் செய்யுங்கள் என்ற அறிவுரை சேர்வரோடு வரும் ரீட்மீ என்ற வழிகாட்டிக் கோப்பில் இருக்கிறது, டூலின் விளக்கத்தில் இல்லை. ரீட்மீயை வாசிப்பது நாம், டூலைக் கூப்பிடுவது ஏஜென்ட். அந்த ஒரு வரி இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. ‘சேர்ச் ஃபைல்ஸ்’ கோப்புகளின் பெயரையும் பாதையையும்தான் தேடும், உள்ளே இருப்பதைத் தேடாது. அதை விளக்கம் வெட்டவெளிச்சமாகச் சொல்லாததால், ஒரு தொழிலாளியின் பெயரைக் கொடுத்துத் தேடிவிட்டு ‘பதிவு இல்லை’ என்று ஏஜென்ட் முடிவு கட்டிவிடலாம். அப்படி ஒருவரின் பேர் விடுபட்டால் சம்பளத்தில் அடி விழும்.

இன்னொரு சிக்கல் நம் பக்கத்தில் இருக்கிறது. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியல்கள் திரையில்தான் தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் கோர்வை. சேர்வர் அதை அப்படியே எடுத்துக் கொடுக்கும். யூனிகோடுக்கு மாற்றாமல் அந்தக் கோப்புறையைத் திறந்துவிட வேண்டாம்.

வாசிப்பதைத் தாண்டிக் கணக்குக் கேட்கப் போகிறீர்கள் என்றால் இந்தப் பொதுவான டூல்கள் போதாது, சொந்தமாக ஒன்று எழுத வேண்டும். பல ஏபிஐகள் (ஏஐ மொடலோடு நிரல்கள் பேசும் வழிகள்) டூலின் பெயரை ஆங்கில எழுத்தில்தான் ஏற்கும், ஆனால் விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாம். ‘கொழுந்து விவரம் தரும்’ என்று ஒற்றை வரியில் விட்டால் ஏஜென்ட் மிச்சத்தை ஊகிக்கும். இந்த அளவுக்காவது வேண்டும்:

“ஒரு பிரிவில் ஒரு நாளில் ஒவ்வொருவரும் எடுத்த கொழுந்தைக் கிலோவில் தரும். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்த பிறகுள்ள நிறை இது. கழிக்காத நிறை கேட்டால் இதைப் பயன்படுத்தாதே. திகதி 2025-03-07 போல, ஆண்டு முதலில். 0 என்றால் அன்று கொழுந்து எடுக்காமல் வேறு வேலைக்குப் போனவர். பட்டியலிலேயே இல்லாதவருக்குப் பதிவு இல்லை, வேலைக்கு வரவில்லை என்று கொள்ளாதே. முழுப்பேர், அரைப்பேர் (முழுநாள், அரைநாள் சம்பளக் கணக்கு) இதில் வராது. எந்தப் பதிவையும் மாற்றாது.”

ஒவ்வொரு வரியும் ஒரு பிழையை அடைக்கிறது. 07/03 என்று விட்டால் மார்ச் 7 என்றும் எடுக்கலாம், ஜூலை 3 என்றும் எடுக்கலாம். பிரிவின் பெயரைச் சும்மா எழுதவிட்டால் ‘மேற்பிரிவு’, ‘மேல் டிவிஷன்’, ‘அப்பர்’ என்று மூன்று விதமாக வரும், ஆகவே உள்ளீட்டில் தெரிவுப் பட்டியலாகவே கட்டிவிடுங்கள். பிழைச்செய்தியும் விளக்கத்தின் பகுதிதான். ‘தவறு’ என்று மட்டும் வந்தால் ஏஜென்ட் அதையே திரும்பத் திரும்பக் கூப்பிடும். ‘இந்தத் திகதிக்குப் பதிவு இல்லை, கடைசிப் பதிவு 2025-03-05’ என்று வந்தால் தானே வழி பிடித்துக்கொள்ளும்.

‘வாசிக்க மட்டும்’ என்ற குறிப்பை டூலோடு சேர்க்கும் வசதி 2025இல் புரொட்டோகோலில் வந்தது. அது வெறும் குறிப்பு, எதையும் தடுக்காது. உண்மையான பூட்டு வேண்டுமானால் சேர்வரை டொக்கரில் (நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் மென்பொருள்) ஓட்டி, கோப்புறையை இணைக்கும் வரியின் கடைசியில் ‘ஆர்ஓ’ (ro, வாசிக்க மட்டும்) சேர்த்துவிடுங்கள். வாசிப்பதற்கு மட்டும் என்றால் இந்தச் சேர்வரைத் தயங்காமல் போடலாம். எழுதும் உரிமையைச் சம்பளக் கோப்புறைக்கு இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். பிரதி எடுத்த கோப்புறை ஒன்றில் கொடுத்துப் பாருங்கள்.