குழியானை எடுத்த பாடம்: ஆசிரியர்களுக்கான தியான முகாம் ஒன்றைப் பற்றி

அம்பாசமுத்திரத்துக்கு அருகில், தாமிரபரணிக் கரையை ஒட்டிய ஒரு தோப்பு வீட்டில், தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்காக நடந்த இரண்டு நாள் தியான முகாமுக்குச் சென்ற மாதம் போய்வந்தேன். தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்துக் கட்டணம் 1,800 ரூபாய். பௌத்த மரபின் கவனப் பயிற்சி வழியாகக் குழந்தைகளிடமிருந்து ஆசிரியர் எதைக் கற்கலாம் என்பதே முகாமின் பொருள். குழந்தைக்கு எப்படிக் கற்பிப்பது என்று சொல்லித்தராத ஒரு பயிற்சியும் உண்டா என்ற வியப்பில்தான், இரண்டாம் வகுப்பு ஆசிரியையான நான் பெயர் கொடுத்தேன்.

முதல் நாள் முற்பகல் ஏமாற்றமாகவே கழிந்தது. ஆங்கிலத்தில் தயாரித்த படக்காட்சியை அவசரமாகத் தமிழாக்கியிருந்ததில், ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்பதற்கு ‘மனநிறைவு’ என்று போட்டிருந்தார்கள். மனநிறைவு என்றால் திருப்தி. அது வேறு சங்கதி. பழைய பௌத்த நூல்களின் பாலி மொழியில் இந்தக் கவனத்தின் பெயர் ‘சதி’ என்றும், வடமொழி ‘ஸ்மிருதி’யோடு உறவுள்ள அச்சொல்லுக்கு நினைவு என்பதே அடிப்பொருள் என்றும் பயிற்சியாளர் விளக்கியபோது, பின்வரிசையிலிருந்த தலைமையாசிரியர் ஒருவர், “சதி செய்யவா சார் இவ்வளவு தூரம் வரச் சொன்னீர்கள்?” என்று கேட்க, கூடமே சிரித்தது. அதன் பிறகுதான் முகாமுக்கு உயிர் வந்தது.

பிற்பகலில் சொன்ன கதை என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. கடுந்தவத்தால் உடல் வற்றியும் பயன் காணாத சித்தார்த்தர், தாம் சிறுவனாக இருந்தபோது தந்தை தம் வேலையில் ஈடுபட்டிருக்க, நாவல் மர நிழலில் அமர்ந்திருந்த வேளையில் தானாகவே கூடிவந்த ஒருமுகப்பாட்டை நினைத்துப் பார்த்து, விழிப்புக்கு வழி இதுதானோ என்று எண்ணியதாக, புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூலான மஜ்ஜிம நிகாயத்தின் 36ஆம் சூத்திரம் கூறுகிறது. பெரியவர் தட்டுத் தடுமாறி நின்ற இடத்தில் வழி சொன்னது அவருடைய சிறுபிராயம். அதே தொகுப்பின் 61ஆம் சூத்திரத்தில் அவர் தம் மகன் ராகுலனிடம் கண்ணாடி எதற்கென்று கேட்கிறார். பார்த்துக்கொள்வதற்கு என்று மகன் சொல்ல, அப்படியே ஒரு செயலைச் செய்யும் முன்னும் செய்யும்போதும் செய்த பின்னும் பார்த்துக்கொள் என்கிறார். பிரம்பைச் சட்டம் எங்கள் கையிலிருந்து எப்போதோ வாங்கிவிட்டது. குரலை உயர்த்தும் முன் பார்த்துக்கொள்வதற்குத்தான் சட்டம் எதுவும் இல்லை.

இரண்டாம் நாள் காலை, பக்கத்துத் தெருப் பிள்ளைகள் எட்டுப் பேர் வந்தார்கள். ஆளுக்கொரு பிள்ளை, இருபது நிமிடம் பக்கத்தில் இருக்க வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது, திருத்தக் கூடாது, பாராட்டவும் கூடாது. எனக்கு வாய்த்த பையன் நேராகத் தாழ்வாரத்தின் ஓரம் போய், காய்ந்த பொடிமண்ணில் எறும்பைப் பிடிக்கக் குழியானை என்னும் சிறு பூச்சி தோண்டியிருந்த குழிக்கு மேல் குப்புறப் படுத்துக்கொண்டான். எறும்பு ஒன்று விளிம்பில் தடுமாறியது. கீழேயிருந்து குழியானை மண்ணை வாரி இறைத்தது. “அது பேரு தெரியுமா?” என்ற கேள்வி என் நாக்கு நுனியில் நின்றது. அடக்கிக்கொண்டு நானும் குனிந்தேன். அவன் திரும்பிப் பார்க்காமலே, “மூச்சைப் பலமா விடாதீய டீச்சர், மண்ணு சரிஞ்சிரும்” என்றான். தன் மூச்சு எங்கே போகிறது, எதைத் தொடுகிறது என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது. முந்தைய நாள் முழுவதும் கண்ணை மூடி உட்கார்ந்தும் எனக்கு அது பிடிபடவில்லை. பத்து நிமிடம் வரை அவனுக்கு எதையாவது கற்றுக்கொடுத்துவிட வேண்டும் என்ற அரிப்பு எனக்கு இருந்துகொண்டே இருந்தது. எறும்பு தப்பி மேலே ஏறியபோதுதான் அது அடங்கிவிட்டதைக் கவனித்தேன்.

வியட்நாமியத் துறவி திக் நியட் ஹான் குழந்தைகளுக்காக வகுத்த கூழாங்கல் தியானமும் இருந்தது. பூ, மலை, அசையாத நீர், வெளி என நான்கு கற்கள். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து மும்மூன்று மூச்சு. நன்றாகவே இருந்தது. ஆனால் மேற்கே பொதிகை மலை கண்ணெதிரே நிற்க, அகத்தியர் அவலோகிதர் என்னும் போதிசத்துவரிடம் தமிழ் கேட்டதாகப் பாடும் பௌத்த இலக்கண நூலான வீரசோழியத்தைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஆசிரியர்களுக்கெல்லாம் ஆசிரியரை மாணவராக உட்கார வைத்த பௌத்த மரபு கையெட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

சாப்பாட்டில் குறையில்லை. இரண்டாம் நாள் மதியம் சொதியும் இஞ்சித் துவையலும். முதல் பத்து நிமிடம் பேசாமல் உண்ண வேண்டும் என்ற விதியால், தேங்காய்ப்பாலின் முதல் பாலுக்கும் இரண்டாம் பாலுக்கும் உள்ள வேறுபாடு நாக்கில் தெரிந்தது.

குறை வேறிடத்தில். ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, செல்பேசியில் விவரம் பதிவேற்றிக்கொண்டே பாடமும் நடத்தும் நிலையைச் சொன்னபோது, “மூச்சைக் கவனியுங்கள்” என்பதே பதிலாக வந்தது. ஆளில்லாத பள்ளிக்கு மூச்சு மாற்றாகாது. அதை அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தால் மதிப்பு கூடியிருக்கும். பிள்ளைகளோடு இருந்த நேரமும் போதவில்லை. படக்காட்சியைப் பாதியாகக் குறைத்து அந்த நேரத்தை இதற்குக் கொடுக்கலாம். மந்திரமோ வழிபாடோ எதுவும் இல்லாததால், எந்தச் சமயத்தவரும் தயக்கமின்றிப் போகலாம்.

திங்கட்கிழமை, வருகைப் பதிவுக்கு முன் மூன்று மூச்சு வரை பேசாமல் நின்றேன். முன்வரிசைச் சிறுமி, “டீச்சர், உடம்புக்குச் சரியில்லையா?” என்று கேட்டாள். வியாழனன்று அவளும் சேர்ந்து நின்றாள்.

போக விரும்புவோர் போர்வை எடுத்துச் செல்வது நல்லது; அங்கே தருவது மெல்லிய துப்பட்டி, விடியற்காலையில் ஆற்றுக்காற்று குளிர்கிறது.